பூசணிப் பூவுக்கு ஆறு மணி

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருக்கும் இருவர் சந்தித்துக்கொண்டால் பேச்சு சீக்கிரமே பூசணிக்கு வந்துவிடும். கொடி வீட்டுச் சுவரைத் தாண்டிப் படர்கிறது, பூவும் குறைவில்லாமல் பூக்கிறது, ஆனால் காய் நிற்கவில்லை. பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் இருந்த பிஞ்சு நான்காம் நாள் மஞ்சளாகி வெம்பி உதிர்கிறது. உரத்தை மாற்றிப் பார்க்கிறார்கள், மீன் அமிலம் தெளித்துப் பார்க்கிறார்கள். கடைசியில் முடிவு ஒன்றுதான்: "எங்க பக்கம் தேனீயே வர்றதில்லீங்க."

இப்படிச் சொல்பவர் மாடிக்கு வருவது பெரும்பாலும் எட்டரை, ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் பூசணிப் பூவின் வேலை முடிந்து, இதழ்கள் உள்பக்கமாகச் சுருங்கத் தொடங்கியிருக்கும். பூசணி விடிவதற்கு முன்பே விரிந்துவிடும் பூ. மகரந்தத்தின் உயிர்ப்பும், அதை ஏற்கும் சூலகமுடியின் தயார்நிலையும் காலை ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். பூசணிக்குத் தேனீ வரவேண்டிய நேரம் ஆறு மணியை ஒட்டியது. ஒன்பது மணிக்குத் தேடினால் அந்தப் பூவில் தேனீக்குப் பெரிதாக எதுவும் மிச்சமிருக்காது, அதனால் தேனீயும் இருக்காது.

தேனீ எப்போது பறக்கும் என்ற கேள்விக்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில் குளிர்நாடுகளில் எழுதப்பட்டது. வெயில் வரட்டும், காற்றுச் சூடேறட்டும், பிறகு தேனீ வரும் என்று அந்தப் புத்தகங்கள் சொல்லும். அங்கே அது சரிதான். தேனீயின் மார்புப் பகுதியில் உள்ள பறக்கும் தசைகள் ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருந்தால்தான் இறக்கையை வேண்டிய வேகத்தில் அடிக்க முடியும். வெளியே குளிராக இருந்தால், இறக்கையை அசைக்காமல் தசையை மட்டும் நடுங்கவைத்து அந்தச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அப்படியும் ஐரோப்பியத் தேனீ 10 முதல் 13 டிகிரிக்குக் கீழே கூட்டைவிட்டுக் கிளம்பத் தயங்கும்.

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. ஐரோப்பியத் தேனீ வேலைக்குக் கிளம்பும் காலைப்பொழுதைவிட நம்முடைய வரலாறு காணாத குளிரே சற்று வெதுவெதுப்பானது. ஆகவே தாம்பரத்துத் தேனீயை வீட்டில் நிறுத்திவைப்பது குளிரல்ல. இங்கே வெளிச்சம் அதன் நாளைத் தொடங்கிவைக்கிறது. வெயில் நடுவில் நிறுத்துகிறது. மழை நாள்கணக்கில் கட்டிப்போடுகிறது. இவற்றுக்கு மேலே, ஒவ்வொரு பூவும் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறது.

எந்தத் தேனீ என்பதைப் பொறுத்தும் நேரம் மாறும். தென்சென்னைப் புறநகர்த் தோட்டங்களில் பார்க்கக்கூடியவை ஒன்றிரண்டு வகை அல்ல. அடுக்குமாடிக் கட்டடத்தின் சன்ஷேடிலும், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் முறம் போல ஒரே அடையைத் தொங்கவிடுவது மலைத்தேனீ. மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் அடுக்கடுக்காக அடை கட்டுவது இந்தியத் தேனீ. பெட்டியில் வளர்ப்பதும் இதைத்தான். செம்பருத்திக் கிளையையோ கறிவேப்பிலைக் கொம்பையோ நடுவில் வைத்து உள்ளங்கை அளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. சுவர் விரிசலில், மின்மீட்டர் பெட்டியின் ஓட்டையில், பிசினும் மெழுகும் குழைத்துச் சிறு குழாய் போல வாசல் வைத்துக் குடியிருப்பது கொசுத்தேனீ; இதற்குக் கொட்டத் தெரியாது. இவை தவிர, தனியாக வாழும் தச்சுத்தேனீயும் உண்டு. கருவண்டு என்று பலர் சொல்வது இதைத்தான்.

இவற்றில் விடியற்கருக்கலிலேயே பூவுக்கு வரக்கூடியது மலைத்தேனீ. உடல் பெரிது, சூடு சீக்கிரம் ஆறாது. கண்ணும் மங்கிய ஒளிக்கு ஏற்றது. இந்தியத் தேனீ அதை ஒட்டியே கிளம்பும். கொசுத்தேனீ மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள பூச்சி. அவ்வளவு சிறிய உடலில் சூடு தங்காது. அதனால் அது வெயில் சுவரில் பட்டு, வாசல் குழாய் சூடேறிய பிறகே சுறுசுறுப்பாகும். மார்கழி, தை மாதக் காலைகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒரே துளசிச் செடியில் முதலில் பெரியவை வந்துபோகும், கொசுத்தேனீ கடைசியில் வந்து சேரும்.

வெளிச்சம் தேனீக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2017 ஆகஸ்ட் 21-ஆம் தேதி அமெரிக்காவில் ஏற்பட்ட முழுச் சூரிய கிரகணம் காட்டியது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேண்டஸ் கேலனும் அவருடைய குழுவினரும் 16 இடங்களில் பூக்களுக்கு அருகே சிறு ஒலிவாங்கிகளை வைத்துத் தேனீக்களின் ரீங்காரத்தைப் பதிவு செய்தார்கள். சூரியன் பாதி மறைந்தபோதும் முக்கால் மறைந்தபோதும் ரீங்காரம் தொடர்ந்தது. முழுதாக மறைந்த அந்தச் சில நிமிடங்களில் எல்லா இடங்களிலும் சேர்த்துக் கேட்டது ஒரே ஒரு ரீங்காரம். வெளிச்சம் குறைவது தேனீயின் வேகத்தைத்தான் குறைக்கும். இருட்டு அதை முற்றிலும் நிறுத்திவிடும்.

ஆனால் இருட்டிலும் பறக்கும் தேனீ ஒன்று இருக்கிறது. அதன் பெயரில் தமிழ்நாட்டு ஊர் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. சைலோகோபா டிராங்குபாரிகா என்ற அந்தத் தச்சுத்தேனீக்கு 1804-இல் பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ். டிராங்குபார் என்பது அன்று டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடி. மேற்குத்தொடர்ச்சி மலையில் மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதனும், ரெனீ போர்ஜஸும், சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர்களும் இந்தத் தேனீயைப் பின்தொடர்ந்தபோது, நிலவே இல்லாத இரவிலும் அது பூவுக்குப் போய்வருவதைக் கண்டார்கள். நட்சத்திர வெளிச்சத்தில் நிறம் பிரித்தறியவும் அதனால் முடிகிறது.

மலைத்தேனீ அந்த அளவுக்கு இரவுப் பூச்சி அல்ல. ஆனால் நல்ல நிலவொளி இருந்தால் இரை தேடிக் கிளம்பும். புறநகர் வீடுகளில் இதற்கு ஒரு சோகமான விளைவு உண்டு. பால்கனி விளக்கைச் சுற்றி இரவில் தேனீக்கள் மோதி விழுந்து, காலையில் பெருக்கும்போது பத்து இருபது செத்துக் கிடக்கும். அவை பெரும்பாலும் மலைத்தேனீக்கள்தான். அருகில் எங்கோ அவற்றின் கூடு இருக்கிறது. மங்கிய ஒளியில் பறக்கப் பழகிய கண் நம் விளக்கில் சிக்கிக்கொள்கிறது. தேவையில்லாத வெளிவிளக்கை அணைத்தாலோ ஜன்னல் திரையை இழுத்துவிட்டாலோ இந்தச் சாவு குறைந்துவிடும்.

பகல் ஏறிய பிறகு ஆட்சி வெயிலின் கைக்குப் போகிறது. சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 45 டிகிரி. அது 2003 மே மாதக் கடைசியில். கத்திரி வெயில் நாட்களில் 40 டிகிரியைத் தொடுவது தாம்பரத்துக்குப் பழகிய செய்தி. கடற்கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் நண்பகல் கடற்காற்று இங்கே சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். மேற்குக் காற்று வலுத்த நாளில் வராமலே போவதும் உண்டு. அந்த வெயிலில் பறக்கும் தேனீயின் தசை தன் பங்குக்கும் சூட்டை உண்டாக்குகிறது. அதைத் தணிக்க அது ஒரு வழி வைத்திருக்கிறது. வயிற்றுப்பையில் இருக்கும் பூந்தேனை ஒரு துளி வாய்க்குக் கொண்டுவந்து நாக்கில் பரப்பிக்கொள்ளும். துளி ஆவியாகும்போது தலை குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் இதுவும்.

இந்த வசதி தேன் சுமக்கும் தேனீக்குத்தான். காலில் மகரந்த உருண்டையைச் சுமந்து வருவதன் வயிற்றில் துளி குறைவு. ஆகவே வெயில் உச்சிக்கு ஏறும்போது மகரந்தம் சேகரிப்பவை முதலில் குறையும், தண்ணீர் சேகரிப்பவை கூடும். அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் 1980-களில் கண்டறிந்த இந்த மாற்றத்தைத் தாம்பரத்து மொட்டைமாடியிலும் பார்க்கலாம். பன்னிரண்டு மணிக்குப் பூக்களில் தேனீ இல்லை என்று நினைப்பவர் குழாயடியையும், ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தையும், காலையில் நனைத்த தொட்டி மண்ணையும் பார்த்தால் அங்கே இருக்கும். குழந்தைப் புழுக்கள் இருக்கும் அடையை 34, 35 டிகிரியில் வைத்திருந்தாக வேண்டும். அதற்குத்தான் தண்ணீர். சுமந்து வந்ததை அடைமேல் பூசி, வரிசையாக நின்று இறக்கையால் விசிறும். தட்டில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் வைத்தால் அது குடித்துவிட்டுப் போகும். வெறும் வாளியில் வைத்தால் விழுந்து சாகும்.

வெயில் பூவையும் மாற்றுகிறது. காலையில் நீர்த்திருந்த தேன் நண்பகலில் கெட்டியாகி அளவில் சுருங்கும். பல பூக்கள் அதற்குள் மூடியே விடும். மாலை நான்கு மணிக்குமேல் கடற்காற்றில் சூடு தணிந்ததும் இரண்டாவது முறை தேனீ நடமாட்டம் கூடும். காலையில் கண்ட கூட்டம் அப்போது இருக்காது, ஆனால் துளசியிலும் தும்பையிலும் கொடிரோஸிலும் ஆள் இருக்கும்.

ஒவ்வொரு பூவின் நேரத்தையும் தேனீ நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தில் வியப்புக்குரிய பகுதி. சுவிட்சர்லாந்தின் மருத்துவரும் எறும்பு ஆய்வாளருமான அகஸ்ட் ஃபோரெல் தன் வீட்டு முற்றத்தில் காலை உணவு சாப்பிடும்போது ஜாமைத் தேடித் தேனீக்கள் வருவதைக் கவனித்தார். வானிலை கெட்டு, மேஜையை வீட்டுக்குள் மாற்றிய நாட்களிலும் அவை அதே நேரத்துக்கு வெறும் முற்றத்துக்கு வந்து தேடின. மணத்தால் ஈர்க்கப்பட்டு வந்தவை அல்ல, நேரம் பார்த்து வந்தவை. கார்ல் ஃபான் ஃபிரிஷ்ஷின் மாணவி இங்கெபோர்க் பெலிங் 1929-இல் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். குறிப்பிட்ட மணிக்கு மட்டும் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கிய தேனீக்கள், தண்ணீர் வைக்காத நாளிலும் அதே மணிக்கு வந்தன. 1955-இல் மாக்ஸ் ரென்னர் பாரிஸில் பழக்கிய தேனீக்களை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். அங்கேயும் அவை பாரிஸ் நேரப்படியே இரை தேடின. சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் கணக்கிடவில்லை, உடலுக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது.

இனி நம் தொட்டிகளைப் பார்ப்போம். பத்துமணிப் பூ என்று நாம் பெயர் வைத்த டேபிள் ரோஸ், வெயில் ஏறிய பிறகே விரியும். ஒன்பது மணிக்கு மொட்டாக இருந்த தொட்டியில் பத்தரைக்குக் கொசுத்தேனீயும் கொம்புத்தேனீயும் மொய்க்கும்; உச்சிவெயில் சாயும்போது பூ மூடத் தொடங்கும், அவையும் போய்விடும். பாகல் பூசணியைப் போலவே விடியலில் விரிகிறது. பீர்க்கை நேர்மாறு. அதன் மஞ்சள் பூ மாலையில் மலரும். சுரையும் புடலையும் வெள்ளைப் பூ பூப்பவை. அந்தி சாய்ந்த பிறகு விரிந்து விட்டில்பூச்சிகளை எதிர்பார்ப்பவை. சுரைப்பூவில் பகலில் தேனீ வரவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. அந்திமந்தாரையும் மல்லிகையும் மாலைக்கும் இரவுக்கும் உரியவை.

கத்தரியும் தக்காளியும் தனிக் கதை. இரண்டிலும் தேன் இல்லை. கத்தரிப் பூவின் மகரந்தப்பை உப்புப் போத்தல் போல நுனியில் மட்டும் துளையுள்ளது, குலுக்கினால்தான் கொட்டும். அந்தக் குலுக்கலைச் செய்யத் தச்சுத்தேனீக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். பூவைக் காலால் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமல் தசையை மட்டும் அதிரவைக்கும். அப்போது வழக்கமான ரீங்காரம் மாறிக் கீச்சென்று ஒரு குரல் கேட்கும். கூட்டமாக வாழும் தேன் தேனீக்கள் எதற்கும் இந்த வித்தை கிடையாது. வண்டலூர், நன்மங்கலம் பக்கப் புதர்க்காடுகளில் பூக்கும் ஆவாரையும் இதே வகைப் பூதான். முருங்கைக்கும் தச்சுத்தேனீதான் முக்கியமான உதவியாளர். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தினர் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். பட்டுப்போன முருங்கைக் கிளையையோ பழைய மூங்கில் கழியையோ தோட்டத்தின் மூலையில் விட்டுவைத்தால் அது துளையிட்டுக் குடியேறும்.

மழை வேறு கதை. சென்னைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர்; அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் தேனீக் கூட்டம் சேமித்த தேனைத் தின்று கூட்டிலேயே கிடக்கும். மழையில் பறப்பது ஆபத்து; பெரிய மழைத்துளி ஒன்று கொசுத்தேனீயைவிடக் கனமானது. மழை வருமுன் அவை அறிந்துகொள்வதாகவும் தெரிகிறது. சீனாவில் தேனீக்களின் முதுகில் சிறு மின்னணு அடையாளத் தகடு ஒட்டிச் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. மறுநாள் மழை பெய்யவிருந்த தினங்களில் தேனீக்கள் மாலையில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வெளியே உழைத்திருந்தன.

ஆடிக்காற்றும் கவனிக்க வேண்டியது. மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வீசினால் தேனீ பறப்பதைக் குறைத்துக்கொள்ளும். மூன்றாம் மாடியில் காற்றின் வேகம் தரையைவிட அதிகம். அதே வீட்டின் கீழ்த்தளத் தோட்டத்தில் தேனீ இருந்து, மாடியில் இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். கைப்பிடிச் சுவரை ஒட்டிப் பந்தலைச் சற்றுத் தாழ்வாகக் கட்டினாலே நிலைமை மாறும்.

எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன? இதற்குப் பதில், பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் கூட்டுக்குச் சொல்லத் தேனீ ஆடும் நடனத்தில் இருக்கிறது. நடனத்தின் பொருளைக் கண்டுபிடித்த ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950-களில் இலங்கை சென்று நம் பகுதித் தேனீக்களின் நடனத்தை ஒப்பிட்டு, வகைக்கு வகை அதில் வட்டார வழக்கு உண்டு என்று சொன்னார். 2020-இல் தென்னிந்தியாவில் பெங்களூரின் தேசிய உயிரியல் மையத்தினரும் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினரும் அதை அளந்து பார்த்தார்கள். இந்தியத் தேனீ கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவுக்கே போகிறது, கொம்புத்தேனீ இரண்டரை, மலைத்தேனீ மூன்று. கொசுத்தேனீயின் எல்லை இன்னும் குறுகியது, சில நூறு மீட்டர்தான். கொம்புத்தேனீயின் நடனத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கிளைமேல் தட்டையாக இருக்கும் அடையின் உச்சியில், திறந்த வெளியில், பூ இருக்கும் திசையை நோக்கியே நேராக அது ஆடும்.

ஒரு கிலோமீட்டர் என்பதை வைத்துத் தாம்பரத்தைப் பார்த்தால் மரங்களின் அருமை புரியும். 1937-இல் நகரத்திலிருந்து இங்கே இடம் மாறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகம் ஏறத்தாழ 365 ஏக்கர், பெரும்பகுதி புதர்க்காடு. அதன் மதிலை ஒட்டிய தெருக்களுக்கு அந்தக் காட்டின் பொந்துகளிலிருந்து தேனீ வந்துபோகும். அதிலிருந்து விலகி, மரமே இல்லாமல் மனை பிரித்துக் கட்டிய நகர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு புங்கை, ஒரு வேம்பு, ஒரு தென்னை தெருவில் இருந்தால் நிலைமை வேறு. சித்திரையில் வேம்பும் புங்கையும் பூத்துக் குலுங்கும். தென்னம்பாளை ஆண்டு முழுவதும் மாதம் ஒன்றாக வெடித்துக்கொண்டே இருக்கும். தொட்டிச் செடிகள் கூட்டத்தை வாழவைக்காது. மரம்தான் வாழவைக்கும்.

ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய வீடுகளுக்கு இன்னொரு தடை இருக்கிறது: மாசடைந்த காற்று. பெங்களூரில் கீதா திம்மேகவுடாவும் ஷனன் ஆல்சனும் மூன்றாண்டு காலம் மலைத்தேனீக்களை ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாசு மிகுந்த இடங்களில் பூவுக்கு வரும் தேனீக்கள் குறைந்திருந்தன. அங்கே பிடித்தவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் ஒரே நாளுக்குள் இறந்தன. உடலில் நுண்தூசி படிந்திருந்தது.

இத்தனையும் தெரிந்த பிறகு, மாடித்தோட்டக்காரர் மாற்றிக்கொள்ள வேண்டியவை பெரியவை அல்ல. பூச்சிக்குத் தெளிப்பதைக் காலையில் செய்யக்கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் சூரியன் மறைந்த பிறகு, பூவில் படாமல் தெளிக்கவேண்டும். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்தை வீட்டுத் தோட்டத்துக்குள் விடவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளியில் தடைசெய்த மருந்து அது. செடிக்குள் பரவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் வந்துவிடும். காலையில் தண்ணீர் விடும்போது பூவின் மேல் பீய்ச்சாமல் வேரில் விடவேண்டும். நனைந்த மகரந்தம் வீண். தேனீ வராத மாடியில் ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் தடவிவிடலாம். ஆனால் அதையும் எட்டு மணிக்குள் செய்யவேண்டும்.

தைப்பட்டத்தில் பூசணி விதை போட்டவருக்கு மாசி, பங்குனியில் பெண்பூ வரும். மாசியில் தாம்பரத்தில் சூரியன் உதிப்பது 6.15-க்கும் 6.30-க்கும் இடையில். தேனீயே வருவதில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒரே ஒரு நாள் அந்த நேரத்துக்கு மாடிக்கு வந்து பத்து நிமிடம் பூவருகே நின்று பாருங்கள்.